ஏழாம் வில்லாவின் இரண்டாவது கதிரை

பகல் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம். இந்த நேரத்தை நான் எந்தக் குறிப்பையும் பார்த்து எழுதவில்லை. ஏழாம் வில்லாவின் சாப்பாட்டு அறையில், குளத்தைப் பார்க்கும் யன்னலுக்கு மேலே ஒரு பித்தளை மணிக்கூடு இருந்தது. அதற்குக் கீழே நின்றுதான் நான் குத்துவிளக்கின் திரியைத் தூண்டினேன். முதுகுப் பக்கமாகக் கதவு திறந்தது. திரும்பினேன். வாசலில் எங்கள் விருந்தினர் நின்றார். எண்பது வயது, மெலிந்த உடம்பு, ஒரு கை கதவுப் பிடியில். அவர் விளக்கைப் பார்த்தார். வாழையிலையைப் பார்த்தார். எதிர்க் கதிரையில் மல்லிகை மாலையோடு சாய்ந்திருந்த தன் மனைவியின் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையான குரலில் கேட்டார்:

“செய்தி எப்போது வந்தது?”

முப்பத்து நான்கு வருடம் மேசைப் பரிமாறலில் இருந்தவன் நான். கல் உப்புக் கேட்டிருக்கிறார்கள், கரடிப் பல் கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

போன மாதம் ஹோட்டலில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் கதைக்கக் கூப்பிட்டார்கள். இப்போது விருந்தினரின் விருப்பு வெறுப்பெல்லாம் கைக்கணினியில் வந்துவிடுகிறதாம். எந்தத் தலையணை, எந்தத் தேநீர், எந்தப் பக்கம் படுப்பார் என்பது வரைக்கும். “அப்ப உங்கட காலத்தில எப்பிடி அங்கிள் தெரிஞ்சுகொண்டனீங்கள்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. விசித்திரமான விருந்தினர்களின் கதைகள் சிலவற்றைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார்கள். ஏழாம் வில்லாக் கதையை மட்டும் சொல்லவில்லை. அது சிரிக்கிற கதை இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மாங்குளத்தான். இருபத்தொரு வயதில் கொழும்பில் கடற்கரை ஓரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் மேசை துடைக்கச் சேர்ந்தேன். தட்டுத் தூக்கவும், வைன் போத்தலின் கழுத்தைத் திருப்பவும், பேசாமல் நிற்கவும் அங்கே பழகினேன். பேசாமல் நிற்கத்தான் அதிக காலம் பிடித்தது. பிறகு எங்கள் பக்கத்திலேயே, நெடுங்கேணிக் காட்டு ஓரத்துக் குளக்கரையில், இருபது வில்லாக்களோடு ஒரு ஹோட்டல் வந்தபோது சாப்பாட்டுப் பகுதியின் மூத்த பணியாளனாக ஊருக்குத் திரும்பினேன். ஒரு நாள் வாடகையைக் கேட்டால் ஊரில் நம்பமாட்டார்கள் என்று அதை வீட்டில்கூட நான் சொன்னதில்லை.

அங்கே வந்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் வாய் திறந்தபடிதான் நிற்கிறேன். ஒருவர் பச்சை நிறம் எதுவும் தன் தட்டில் வரக்கூடாது என்றார். சுற்றிவரக் காடு, யன்னலைத் திறந்தால் பச்சை. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை, தட்டில் வரக்கூடாது, அவ்வளவுதான். ஒரு அம்மா தன் கிளியோடு வந்தார். கிளிக்குத் தனி அறை. அதன் கதவை மூன்று தரம் தட்டி, அது ஏதாவது சொன்ன பிறகுதான் உள்ளே போகலாம். சில நாள் அது ஒன்றும் சொல்லாது. நான் பப்பாப்பழத்தோடு வெளியே காத்து நிற்பேன்.

இன்னொருவரைச் சொல்லாமல் விடமுடியாது. வடக்கு நாடு ஒன்றிலிருந்து வந்த வயதான பெண் இசைக் கலைஞர். ஆவணி மாதம். குளம் வற்றி, சேறு வெடித்துக் கிடந்த காலம். போகும் நாளில், “இந்தத் தகரக் கூரையில் மழை விழுந்தால் எப்படி இருக்கும் என்று கேட்க ஆசைப்பட்டேன்” என்று மெல்லச் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். நான் தோட்டக்காரர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய், குழாயைக் கூரைக்கு மேலே பிடிக்க வைத்தேன். முக்கால் மணித்தியாலம். முதலில் மெல்ல, பிறகு பலமாக, பிறகு சொட்டுச் சொட்டாக. அந்த அம்மா யன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். முடிந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துத் தன் நெற்றியில் வைத்தார்.

அதற்குப் பிறகு ஹோட்டலில் என் பெயர் பெரிதாகிவிட்டது. விருந்தினர் வாய் திறக்கு முன்னமே அவருடைய மனம் எனக்குத் தெரியும் என்று நானே நம்பத் தொடங்கினேன்.

என் மேலதிகாரி நிஸாம் சேர். முல்லைத்தீவு ஆள். சின்ன வயதில் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய், புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஒரு கரண்டியை எடுத்துத் துடைப்பார். கோபம் எவ்வளவோ அவ்வளவு நேரம் துடைப்பார். மேசை போட்டு முடிந்தால் எங்களைப் போல நின்று பார்க்கமாட்டார். ஒவ்வொரு கதிரையிலும் போய் இருப்பார். விருந்தினர் இருப்பது போலவே முதுகைச் சாய்த்து, கையை மேசையில் வைத்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்ப்பார். “நிண்டு பாத்தா எங்கட வேலைதான் தெரியும் சிவா. இருந்து பாத்தாத்தான் அவையின்ர சாப்பாடு தெரியும்” என்பார். பூச்சாடிக்குப் பின்னால் ஒரு ஆளின் முகம் மறைகிறதா, வெயில் கண்ணில் குத்துகிறதா, எதிரே குப்பைக் கூடை தெரிகிறதா, எல்லாம் கதிரையில் இருந்தால்தான் தெரியும். அவர் இருந்து பார்க்காத மேசையில் விருந்தினர் இருந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

ஏழாம் வில்லாவுக்கு அந்த ஐயா வந்தது மாசி மாதம், நெல் வெட்டுக் காலம். பெயரைச் சொல்லமாட்டேன், நாங்கள் விருந்தினரை இலக்கத்தால்தான் சொல்வோம். ஆங்கிலேயர். இளமையில் இருபது வருடம் சென்னையில் இருந்தவராம். பதிவில் கணவன் மனைவி என்று இருந்தது. வந்து இறங்கியது அவர் மட்டும். பெட்டியிலிருந்து ஒரு சோடிப் பெண் செருப்பை எடுத்துக் கட்டிலடியில் வைத்தார். கட்டிலருகே மனைவியின் பழைய படம் ஒன்றை வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“என் மனைவி மதியச் சாப்பாட்டுக்கு வருவாள். எந்த நாள் என்று தெரியாது. ஆகவே ஒவ்வொரு நாளும் இரண்டு பேருக்கு மேசை போடவேண்டும். எனக்கு வரும் எல்லாம் அவளுடைய இடத்துக்கும் வரவேண்டும். சூப்பிலிருந்து கடைசிக் கோப்பி வரைக்கும்.”

“நிச்சயமாக ஐயா” என்றேன்.

இன்னொன்றும் சொன்னார். அவருக்குச் சீனி வியாதி. பன்னிரண்டரைக்குத் தானே இன்சுலின் ஊசி போடுவார். பன்னிரண்டே முக்காலுக்குள் சாப்பாடு வாய்க்குப் போய்விடவேண்டும். அதை நான் குசினிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டினேன்.

மனைவி வருவாள் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதைச் சொன்னபடி விளங்கிக்கொள்ள எங்களில் ஒருவராலும் முடியவில்லை. வெளியே வந்து குசினியில் நான் சொன்னதும் எல்லாரும் ஒரே மாதிரித்தான் தலையை ஆட்டினார்கள். பாவம் மனுசன். எங்கள் பக்கத்தில் வராத ஆளுக்குத் தட்டு வைத்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? போரில் ஆள் போகாத வீடு எங்கள் குசினியில் ஒருவருக்கும் இல்லை. செத்தவருக்குப் படைத்துப் பழகிய கைகள்தான் எல்லாம்.

முதல் நாளிலிருந்து இரண்டாவது இடத்துக்கும் எல்லாம் போனது. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். அந்தக் கோப்பையில் நான் ஊற்றியது பானையின் அடியில் ஆறிக் கிடந்த சூப். குடிக்க ஆள் இல்லாத கோப்பைக்கு ஏன் சூடு?

அதைக் கண்டுபிடித்தது ராசாத்தியக்கா. மேசைத் துணிகளும் நாப்கின்களும் அவருடைய பொறுப்பு. தாய் தகப்பன் மலையகத்துத் தோட்டத்தை விட்டு வந்து நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அறுபது வயது. ஒரே மகன். போரின் கடைசி இடப்பெயர்வில், ஓடுகிற சனத்துக்குள்ளே கை விட்டுப் போனவன். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கோப்பையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வாற ஆளுக்கு ஆறின சூப்போ தம்பி?”

“ஆரக்கா வரப்போறது?”

“அப்ப ஏன் வைக்கிறாய்? வைக்கிறதெண்டா ஒழுங்கா வை.”

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், கோப்பியை அருந்திக்கொண்டே ஐயா குளத்தைப் பார்த்துச் சொன்னார்: “நாளையோடு நான் அவளைக் கடைசியாகப் பார்த்து முப்பத்தொரு நாள்.”

முப்பத்தொன்று. இதை வாசிக்கிற எங்கள் சனத்துக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. கிரியை முடித்து, அன்றைக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, படத்துக்கு முன் படைப்போம். அந்த எண் காதில் விழுந்ததும் என் மனம் முடிவு கட்டிவிட்டது. பாவம், மனைவி செத்து ஒரு மாதம்தான் ஆகிறது. அந்நிய ஊர். சென்னையில் இருந்த மனுசன், எங்கள் முறை தெரிந்தவர். ஆனால் வாய் விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறார். கூரையில் மழை பெய்யவைத்த எனக்கு இது விளங்காதா?

நிஸாம் சேர் அடுத்த நாள் காலை வவுனியாவுக்குப் போகவேண்டியிருந்தது. போகும்போது, “ஏழாம் வில்லா மேசைக்கு என்ர இடத்தில நீங்க இருந்து பாருங்கோ சிவா. ரெண்டு கதிரையிலயும்” என்று சொன்னார். படையலைப் பற்றி நான் அவரிடம் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்து ஆச்சரியப்படட்டும் என்று நினைத்தேன்.

காலையில் ராசாத்தியக்காவிடம் போனேன்.

“நல்ல வெள்ளைத் துணி ஒண்டு தாங்கோ அக்கா. விளக்குக்கு ரெண்டு திரியும் திரிச்சுத் தாங்கோ.”

“ஆருக்கு?”

“ஏழாம் வில்லா அம்மாவுக்கு. இண்டைக்கு முப்பத்தொண்டு.”

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “அவ செத்தவ எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“சொல்லவேணுமே? தனி ஆள். கட்டிலடியில செருப்பு. படம். ஒவ்வொரு நாளும் ரெண்டு பிளேட்.”

“என்ர வீட்டிலயும் ரெண்டு பிளேட்தான் தம்பி.”

“அது வேற அக்கா” என்றேன்.

“என்ன வேற?”

நேரம் பார்ப்பது போல மணிக்கூட்டைப் பார்த்தேன். துணியை மடித்து என் கையில் வைத்தார். “துணி என்ர வேலை, தாறன். திரி நான் திரிக்கமாட்டன். நீயே திரி.”

நானே திரித்தேன். குசினியில் வடை சுட்டார்கள், பாயாசம் காய்ச்சினார்கள், இலைக்கு ஏழு கறி. பன்னிரண்டரைக்கு ஐயா ஊசி போடக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும், கட்டிலருகே இருந்த படத்தை எடுத்துக்கொண்டுவந்து இரண்டாவது கதிரையில் வைத்தேன். விருந்தினரின் பொருளைத் தொடக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. மாலையைப் போட்டேன். நின்று பார்த்தேன். அழகாக இருந்தது. கதிரையில் இருந்து பார்க்கவில்லை. அவருடைய கதிரையில் ஒரு நொடி இருந்திருந்தால், சாப்பிடுகிற ஆளின் கண்ணுக்கு நேரே மாலை போட்ட மனைவி இருக்கிறாள் என்பது எனக்கே தெரிந்திருக்கும். அப்போதுதான் முதுகுப் பக்கம் கதவு திறந்தது.

“செய்தி எப்போது வந்தது?”

“என்ன செய்தி ஐயா?”

“அவள் இறந்த செய்தி. உங்களுக்கு வந்திருக்கிறது. அதை எனக்குச் சொல்ல உங்கள் வழக்கம் இது. எனக்கு இந்த முறை தெரியும். எங்கே நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.”

அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. செய்தி ஒன்றும் வரவில்லை ஐயா, நான்தான் தவறாக நினைத்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து உளறினேன். அவர் என்னை நம்பவில்லை. எப்படி நம்புவார்? விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெல்ல வந்து தன் கதிரையில் இருந்தார். கடைசியில் சொன்னார். அவருடைய மனைவி பறவை பார்க்கிறவர். வருடத்தில் ஒரு முறை தனியாகப் புறப்பட்டுவிடுவார். பஸ், ரயில், நடை. கைத்தொலைபேசி வைத்திருக்கமாட்டார். ஒரு ஊரைச் சொல்லி, முப்பது நாளுக்குள் வருகிறேன் என்பார். இவர் முன்னதாகவே போய்க் காத்திருப்பார். எத்தனையோ வருடமாக இதுதான் பழக்கம். முப்பதைத் தாண்டியது இதுதான் முதல் தடவை.

சூப்பை அவர் பக்கம் நகர்த்தினேன். கையால் தள்ளிவிட்டார். “வேண்டாம்” என்றார். மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பது. ஊசி உடம்பில் ஏறி இருபது நிமிடம்.

வெளியே ஓடி நிஸாம் சேருக்குத் தொலைபேசியில் அடித்தேன். மாங்குளம் சந்தியில் வந்துகொண்டிருந்தார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது இரண்டே இரண்டு.

“ஊசி போட்டவரோ?”

“ஓம் சேர்.”

“சாப்பிட்டவரோ?”

“இல்லை. தள்ளிப்போட்டார்.”

“அப்ப விளக்கைப் பற்றிப் பிறகு கதைப்பம். இனிப்புக் குடுங்கோ. எதெண்டாலும் இனிப்பு. டொக்டருக்கு நான் சொல்லுறன். ஓடுங்கோ.”

திரும்பி ஓடினேன். ஐயாவின் நெற்றி வியர்த்திருந்தது. கை மேசைத் துணியில் நடுங்கியது. தோடம்பழச் சாறு கொடுத்தேன்; பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். இனி எதற்கு என்பது போல. அப்போது எனக்குப் பின்னால் ராசாத்தியக்கா உள்ளே வந்தார். துணி அறையை விட்டு விருந்தினர் முன்னால் வர அவருக்கு அனுமதியில்லை. யாரிடமும் கேட்கவில்லை. நேரே போய் விளக்கை அணைத்தார். படத்திலிருந்த மாலையைக் கழற்றி என் கையில் திணித்தார். படத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து அலுமாரிக்கு மேல் வைத்தார். பிறகு இலையிலிருந்த பாயாசக் கிண்ணத்தை எடுத்தார்.

“அக்கா, அது படைச்சது!” என்றேன். என் பைத்தியத்தைப் பாருங்கள், அந்த நேரத்திலும் முறை பார்த்திருக்கிறேன்.

“ஆரும் சாகேல்லை. அப்ப என்ன படையல்? இது வெறும் பாயாசம்.”

ஐயாவுக்குப் பக்கத்தில், தரையில் முழங்காலில் இருந்தார். “நான் சொல்லுறதை அவருக்கு இங்கிலீசில சொல்லு. ஒரு சொல்லும் கூட்டாத, குறைக்காத.”

நான் மொழிபெயர்த்தேன். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

“ஐயா, என்ர மகனுக்கும் நான் ஒவ்வொரு நாளும் சோறு போட்டு வைக்கிறன். அவன்ர பிளேட்டுக்குப் பக்கத்தில இருந்து நானும் சாப்பிடுறன். சாப்பிடாம இருந்து பாத்தனான். மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில மூண்டு நாள் கிடந்தன். அந்த மூண்டு நாளும் வீடு பூட்டிக் கிடந்தது. அந்த நேரம் பாத்து அவன் வந்து பாத்திட்டுப் போயிருந்தா? அதுக்குப் பிறகு நான் ஒரு நேரமும் சாப்பிடாம விடுறேல்லை. உங்கட மனுசி வரேக்க நீங்க விழுந்து கிடந்தா ஆர் பதில் சொல்லுறது? இந்தச் சிவாவோ? இவனுக்கு விளக்குக் கொளுத்தத்தான் தெரியும்.”

கடைசி வசனத்தையும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

ஐயா ராசாத்தியக்காவைப் பார்த்தார். “எத்தனை வருடம்?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா பாயாசத்தை அள்ளினார். கரண்டியை நீட்டினார். அவர் வாயைத் திறந்தார்.

ஒரு கிண்ணம் முழுவதும் போனது. இன்னும் அரைக் கிண்ணம். டொக்டர் வந்து சோதித்துப் பார்த்தபோது ஐயா நிமிர்ந்து இருந்தார். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் தொடங்கினார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த நிஸாம் சேர், “பிந்தேல்லைத்தானே டொக்டர்” என்று மெல்ல நிறுத்தினார்.

பின்னேரம் நான் என் இராஜினாமாக் கடிதத்தை எழுதி அவருடைய மேசையில் வைத்தேன். அவர் ஒரு தேக்கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கடிதத்தைத் திறக்காமல் என் பக்கம் தள்ளினார்.

“மாலை போட்டது என்ர படத்துக்கு இல்லை. இதை வாங்க எனக்கு உரிமையில்லை. அந்த அம்மா வருவா. அவவிட்டக் குடுங்கோ.”

“வராட்டி சேர்?”

“மேசை போடுறவன் கேக்கிற கேள்வியே அது?”

மூன்று நாள். அந்த மூன்று நாளும் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது. நிஸாம் சேர் ரயில் நிலையங்களுக்கும் பஸ் நிலையங்களுக்கும் ஆட்களை அனுப்பினார். இரணைமடுப் பக்கம் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாவைக் கண்டதாக ஒரு மீன்காரர் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஐயா ஒழுங்காகச் சாப்பிட்டார். என்னோடு ஒரு சொல்லும் கடுமையாகப் பேசவில்லை. அது எனக்கு ஏச்சைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டாவது இடத்தை ராசாத்தியக்காதான் பார்த்துக்கொண்டார். சேரே அனுமதி கொடுத்திருந்தார். அந்தக் கோப்பைக்குச் சூப் கொதிக்கக் கொதிக்க வரும். ஆவி அடங்கியதும் அக்கா அதை எடுத்துக்கொண்டு போய்ப் புதிதாகக் கொண்டுவருவார். ஒரு சாப்பாட்டுக்குள் நான்கு தரம், ஐந்து தரம். நான் பாரம் என்று நினைத்த அந்த வேலையை அவர் செய்வதை நான் சுவரோடு நின்று பார்த்தேன். கோவிலில் நிற்பது போல இருந்தது. எத்தனையோ பிரமாண்டமான விருந்துகளில் நின்றிருக்கிறேன். குடிக்க ஆளில்லாத ஒரு சூப் கோப்பைக்கு முன்னால்தான் எனக்கு வாய் அடைத்தது.

இதை எழுதுகிற இப்போது என் மகள் கத்தாரில் ஒரு ஹோட்டலில் வேலைக்குப் போய் ஐந்து வாரம். நேற்றும் இன்றைக்கும் அழைப்பு வரவில்லை. வேலை கூடுதலாக இருக்கும் என்று மனைவிக்குச் சொல்கிறேன். என் மனம் எங்கெங்கோ ஓடுகிறது. ஓடவிடாமல் பிடித்து, அந்தக் கோப்பையை நினைத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள். பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஐயா சூப்பை முடித்திருந்தார். அக்கா இரண்டாவது இடத்துக்கு மூன்றாந்தரம் சூப் கொண்டுவந்து வைத்துக் கையை எடுக்கவில்லை, அதற்குள் வாசல் காவலாளி எனக்குத் தொலைபேசியில் அடித்தான்.

“அண்ணை, ஒரு வெள்ளைக்காரக் கிழவி உழவு மெசினில வந்து இறங்கிறா. நெல்லு மூட்டைக்கு மேல இருந்து வந்தவ. உள்ள விடவோ?”

“பேர் கேட்டியே?”

“கேட்டனான். வயித்தைத் தட்டிக் காட்டிப்போட்டு, மணிக்கூட்டைக் காட்டுறா.”

தொலைபேசி என் கையில் இருக்க, பக்கத்தில் நின்ற நிஸாம் சேர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கண்ணால் காட்டினார். நாங்கள் மூன்று பேரும் சுவரோடு நின்றோம். பாதையில் சரளைக் கல் நெரிகிற சத்தம் கேட்டது. ஐயாவுக்கும் கேட்டிருக்கவேண்டும்; அவர் நாப்கினை மடிக்கத் தொடங்கினார், மடித்ததை விரித்து மறுபடி மடித்தார்.

அந்த அம்மா உள்ளே வந்தார். எழுபதுக்கு மேல். கணுக்கால் வரை காய்ந்த சேறு, தலைமயிரில் வைக்கோல், கழுத்தில் தூரநோக்கி. ஐயா எழுந்தார். சுற்றி நடந்துபோய் இரண்டாவது கதிரையைப் பின்னால் இழுத்தார். கதிரை இழுப்பது என் வேலை. நான் அசைந்தபோது நிஸாம் சேர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா அமர்ந்தார். கணவனின் கையை ஒரு தரம் பிடித்து அழுத்திவிட்டு விட்டார். கரண்டியை எடுத்தார். குனிந்தபோது ஆவி பட்டு அவருடைய கண்ணாடி மங்கியது. ஒரு வாய் குடித்தார். கண்ணாடியைக் கழற்றினார். நிமிர்ந்து எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்து, ஆங்கிலத்தில் ஒன்று கேட்டார்.

சட்டைப்பையில் கடிதம் இருந்தது. கை அதற்குப் போனது, அங்கேயே நின்றது. ராசாத்தியக்கா முழங்கையால் என்னை இடித்தார்.

“என்ன தம்பி சொல்லுறா? சொல்லன்.”

அக்காவின் பக்கம் திரும்பிச் சொன்னேன்.

“‘சூப் நல்ல சூடா இருக்குது. நான் இண்டைக்கு வருவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?’ எண்டு கேக்கிறா அக்கா.”